நாலுக்கு வாங்க

இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததற்காக அக்கா தம்பியை அறைந்தாள். லாரி டயரை ஒற்றை ஆளாக ரிம்மிலிருந்து பிரித்தெடுக்கிற கை அது. முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"எத்தனை டம்ளர்டா குடிச்ச?"

"ஒண்ணு."

"பொய் சொன்னா இன்னொண்ணு விழும்."

"ரெண்டு. தொண்டை காஞ்சு போச்சுக்கா."

அவள் மறுபடி கையை ஓங்கினாள். தம்பி சட்டென்று இடது கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ஊசி குத்துவதற்கென்றே புடைக்க வைத்திருந்தார்கள். அதன் மேல் யார் விரலும் படக் கூடாது, கொசு கூட உட்காரக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அது தெரிந்துதான் பயல் அந்தக் கையைத் தூக்கினான்.

"கெட்டிக்காரன்டா நீ," என்றாள். பிறகு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

அவளைப் பஞ்சர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருந்தாள். அந்தக் கடை வாசலில் வந்து திமிராகப் பேசியவர்கள் சிலரும் பஞ்சராகித்தான் திரும்பியிருக்கிறார்கள். அப்பா அம்மா போன பிறகு இவனை வளர்த்தது அவள். நாலு வருஷத்துக்கு முன்னால் இவனுடைய இரண்டு கிட்னியும் கைவிரித்துவிட்டன. அதிலிருந்து குடித்த தண்ணீர் குடித்தபடி உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், முகம் உப்பும், அப்புறம் நுரையீரலில் ஏறிக்கொண்டு மூச்சை அடைக்கும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் படுக்க வைத்து, ரத்தத்தைக் கழுவி, சேர்ந்த தண்ணீரை இறக்கி அனுப்புவார்கள். நாலு வருஷத்தில் ஒரு நாள் கூட அவள் தவறவிட்டதில்லை. யார் வண்டிச் சக்கரம் கழன்று கிடந்தாலும் சரி, அந்த நாட்களில் காலை ஆறரைக்கு ஷட்டர் இறங்கிவிடும்.

அப்புறம் அந்த நோய் வந்தது. ஊரை மூடினார்கள், பஸ்ஸை நிறுத்தினார்கள், அக்காவின் புருஷன் லாரியோடு எங்கேயோ எல்லையில் மாட்டிக்கொண்டார். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து டயாலிசிஸ் மெஷினில் ஆறைத் தூக்கிக்கொண்டு போய், பின்பக்கம் இருந்த புதுக் கட்டடத்தில் நோய் வந்தவர்களுக்கென்று வைத்தார்கள். அதற்கு ஜனங்கள் காய்ச்சல் கட்டடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். மிச்சம் நாலு மெஷின். அதை ஓட்டுகிறவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டதும் அந்த நாலையும் மூடிப்போட்டார்கள். வியாழன் போயிற்று. சனியும் போயிற்று. புது நோய்க்காரனுக்கு ஊரே கூடி நிற்கிறது, பழைய நோய்க்காரன் எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிட்டார்கள் என்பது அக்காவின் கட்சி. அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

தம்பியின் எடை ஐம்பத்தாறு இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபத்து மூன்று காட்டியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு லாரி டயரை அடுக்கி, மேலே தலையணை போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். இந்த லட்சணத்தில்தான் திருட்டுத்தனமாக இரண்டு டம்ளர். இப்போது அக்கா விட்ட அந்த அறையைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அவள் அழுது முடிக்கவும் போன் வந்தது. டயாலிசிஸ் பிரிவில் மெஷின் ஓட்டுகிற பெண். படித்தது டெக்னீஷியன் படிப்பு, ஆனால் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்.

"அக்கா, நாளைக்குத் திறக்கறோம். நாலுக்கு வாங்க. லேட் பண்ணிடாதீங்க, ஆளுக்கு மூணு மணி நேரந்தான் கொடுக்கறோம்."

"வந்துடறோம் சிஸ்டர். இவனுக்கு மூச்சு ரொம்ப…"

"அதை மட்டும் கேட்டுல சொல்லிடாதீங்க. மூச்சு வாங்குதுன்னு சொன்னா விசாரிக்காமலே காய்ச்சல் கட்டடத்துக்குத் தள்ளிடுவாங்க. வைக்கறேன்க்கா, இன்னும் பத்து பேருக்குச் சொல்லணும்."

அந்தப் பிரிவில் ஆட்களுக்குப் பேர் கிடையாது, படுக்கிற மெஷினின் எண்தான் பேர். 'ஒண்ணு வந்தாச்சா', 'மூணுக்கு பிரஷர் பாருங்க', 'நாலு இன்னிக்கு மூணு கிலோ ஏத்திட்டு வந்திருக்கு' என்றுதான் பேச்சு நடக்கும். தம்பி நாலு வருஷமாக நாலாம் மெஷின், காலை ஏழு மணி. சிஸ்டர் அவனைப் பார்த்ததும் கேட்பதே 'என்ன நாலு, சௌக்கியமா' என்றுதான். நாலுக்கு வாங்க என்றால் நாலாம் மெஷினுக்கு வாங்க. இதில் திருப்பிக் கேட்க என்ன இருக்கிறது. அக்கா கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தாள். தம்பியைப் பின்னால் உட்கார வைத்து, பழைய சைக்கிள் டியூப் ஒன்றால் தன் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள். பாதி வழியில் அவன் சரிந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வால்வு போன டியூப் மாதிரி அவன் மூச்சு அவள் பிடரியில் புஸ் புஸ்ஸென்று பட்டுக்கொண்டே வந்தது. வழியெல்லாம் கடைகள் அடைத்துக் கிடந்தன.

சந்திப்பில் இரும்புத் தடுப்பைக் குறுக்கே போட்டு நின்றிருந்த போலீஸ்காரர் முதலில் அடித்தார், அப்புறம் கேட்டார். முதல் அடி அக்காவின் தோளில் விழுந்தது. இரண்டாவது தம்பியின் முதுகுக்கு வந்தது. அவள் ஹாண்டிலை வெடுக்கென்று ஒடித்து, வண்டியைத் திருப்பி, அதையும் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி சார். டயாலிசிஸ்."

"இன்னிக்கு வெளிய வந்தவன் பூரா ஆஸ்பத்திரின்னுதான் சொல்றான்."

அவள் தம்பியின் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். புடைத்த குழாயும் அதன் மேல் நூற்றுக்கணக்கான ஊசித் தழும்பும் தெரிந்தன. போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ, போ," என்று பிரம்பை ஆட்டினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஒரு இடத்தில் வாங்கியதை இன்னொரு இடத்திலாவது கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. அவள் சுபாவம் அப்படி, அதற்கு அவளைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தபோது மணி ஆறு ஐம்பது. வாட்ச்மேன் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆள் நெருங்காமல் தள்ளி நிறுத்துவதற்கென்று நீளமான மூங்கில் கழி ஒன்றை வைத்திருந்தார். நல்ல மனுஷர். நாலு வருஷமாக 'வாம்மா பஞ்சர்' என்று சிரித்துக் கதவைத் திறந்துவிட்டவர். அன்றைக்கு அவர் கண்ணில் சிரிப்பு இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், அவருக்கும் சாவு பயம்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லண்ணே."

"இருமல்?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

பின்னால் தம்பியின் புஸ் புஸ் சத்தம் வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்டது. வாட்ச்மேன் கழியால் அவனைச் சுட்டினார்.

"அவரை வாயைத் திறந்து பேசச் சொல்லு."

"நல்லா… இருக்கேன்… ண்ணே," என்றான் தம்பி. மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு.

வரிசை பாம்பைக் கண்ட மாதிரி பின்வாங்கியது. "மூச்சு வாங்குதுய்யா, வெளிய தள்ளு," என்று யாரோ கத்தினார்கள். ஒரு செருப்பு பறந்து வந்து தம்பியின் காதில் பட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் முகமூடி போட்டிருந்ததால் யார் எறிந்தது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"நாலாம் மெஷின்ணே. சிஸ்டர் வரச் சொன்னாங்க. லிஸ்டைப் பாருங்க."

வாட்ச்மேன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். காலை நேரத்துக்கான தாள் ஒன்றுதான் கேட்டுக்கு வந்திருந்தது.

"நாலுல வக்கீல் பேர் இருக்கும்மா. அவர் அப்பவே உள்ள போயிட்டார். உன் தம்பி பேரே இதுல இல்ல."

"என்னது, வக்கீலா?"

"நீ இவரைக் காய்ச்சல் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"அங்க போனா இல்லாத நோயும் வந்துடும்ணே. இவன் தாங்க மாட்டான்."

அதற்குள் தம்பி ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டான். பயத்தில் வாட்ச்மேன் கழியை அவன் மார்பில் வைத்துத் தள்ளினார். தண்ணீர் ஏறிய உடம்பு, நிலைகொள்ளாமல் அப்படியே மல்லாந்து போய் விழுந்தது. நடைபாதைக் கல்லில் தலை இடித்த சத்தம் கேட்டது. காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது.

அக்கா ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள். உள்ளே டயர் கழற்றுகிற லீவர் கம்பி இருந்தது. முழங்கை நீளம், தட்டையான முனை. முதல் வீச்சில் மூங்கில் கழி இரண்டாக முறிந்தது. இரண்டாவது வாட்ச்மேனின் தோளில் இறங்கியது. அவர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார், அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள், இரண்டு பேரும் கேட்டோடு மோதிக் கீழே உருண்டார்கள். மேலே வந்தது அக்கா. மூன்றாவது அடி தொப்பியோடு சேர்த்துத் தலையில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்களே தவிர, கிட்டே ஒருத்தரும் வரவில்லை. தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளுமே.

வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்தார். தலையைத் தொட்டுப் பார்த்து, கையுறையில் ஒட்டிய ரத்தத்தை அவளிடம் காட்டினார். "என்னம்மா பஞ்சர்," என்றார்.

"மன்னிச்சுக்கண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் தம்பியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

டயாலிசிஸ் அறை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் அவனைச் சாய்த்துவிட்டுக் கதவைக் காலால் தள்ளினாள். நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நாலாவதில், சொந்தத் தலையணை சொந்தப் போர்வையோடு, வக்கீல் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சிவப்புக் குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி மடியில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு அந்த மனுஷரை முதலிலிருந்தே பிடிக்காது. ஒரு தரம் அவள் பக்கத்தில் வந்து நின்றதற்கு, ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தியவர். இப்போது ஆள் பிடித்துத் தம்பியின் இடத்தையும் பிடுங்கிக்கொண்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"எந்திரிங்க," என்றாள்.

வக்கீல் கண் திறந்தார். ரத்தம் வழிகிற கம்பியும், அவிழ்ந்த தலையும், கிழிந்த சட்டையும். "சிஸ்டர், யார் இவங்களை உள்ள விட்டது?" என்றார்.

"உங்ககிட்டதான் பேசறேன். யாரைப் புடிச்சு இந்த இடத்தை வாங்கினீங்க?"

சிஸ்டர் ஓடி வந்தாள். "அக்கா, கம்பியைக் கீழ வைங்க. அவருக்கு ரத்தம் ஓடிட்டிருக்கு. உங்களுக்கு நான்…"

"நீ பேசாத. நாலுக்கு வான்னு என்னைக் கூப்பிட்டுட்டு, நாலுல இந்தாளை ஏத்தி வச்சிருக்க. வெளிய போய்ப் பாரு, அவன் செத்துட்டிருக்கான்."

"ஐயோ அக்கா, நான் சொன்னது…"

சிஸ்டரை யாரும் முடிக்க விடவில்லை. அக்கா ஒரு எட்டு முன்னால் வைத்தாள், கட்டிலின் விளிம்பைப் பிடிப்பதற்காகத்தான் என்று பின்னால் சொன்னாள். வக்கீலின் மனைவிக்கு அது தன் புருஷனை அடிக்கப் போகிற மாதிரி தெரிந்தது. அந்தம்மா பிளாஸ்கின் மூடியைத் திருகி வெந்நீரை அக்காவின் முகத்தில் வீசினார். பாதி கழுத்தில் விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கம்பியைச் சுழற்றினாள். அந்தம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டார். அறுபது வயதுக்கு என்ன பலம். இருவரும் ஒரு சுற்றுச் சுற்றி, கால் தடுக்கி, மெஷின் மேலேயே போய் விழுந்தார்கள்.

சக்கரம் வைத்த மெஷின் அது. ஒரு முழம் ஓடி, சுவரில் முட்டி, குப்புறச் சாய்ந்தது. திரை சிதறியது. தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு அடித்தது. வக்கீலின் கையில் குத்தியிருந்த இரண்டு ஊசியும் குழாயோடு உருவிக்கொண்டு போயின. அந்தக் கையிலிருந்து ரத்தம் கூரை வரை பீய்ச்சியது. போர்வை, தலையணை, மனைவியின் வெள்ளை முடி எல்லாம் ஒரே நொடியில் சிவந்துவிட்டன. மற்ற மூன்று மெஷினில் கிடந்தவர்கள் எழுந்து ஓடவும் முடியாமல், ஆளுக்கொரு குழாயில் கட்டுண்டபடி அலறினார்கள்.

சிஸ்டர் கட்டிலில் தாவி ஏறி, முட்டி போட்டு, இரண்டு கட்டைவிரலையும் அந்த ஓட்டைகளில் வைத்து அழுத்தினாள். கீழே விழுந்த மெஷின் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

"நாலு மணிக்குக்கா," என்றாள் சிஸ்டர். குரலை உயர்த்தவில்லை, அக்காவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் நேரம் மாத்தியாச்சு. உங்க தம்பிக்கு நாலு மணிக்கு, இதே மெஷின்லதான் போட்டிருந்தேன்."

அக்காவுக்கு முதலில் அது ஏறவில்லை. ஏறியபோது கம்பி கையைவிட்டு விழுந்தது. அவள் மெஷினின் அடியில் கையைக் கொடுத்து, ஒரே தம்மில் நிமிர்த்தி நிறுத்தினாள். திரை இருந்த இடத்தில் ஒயர்கள் தொங்கின. இங்கே ஒரு தட்டுத் தட்டினாள், அங்கே ஒரு பட்டனை அமுக்கினாள். டயராக இருந்தால் ஒட்டுப் போட்டிருப்பாள். கூவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுபோயிற்று.

"சிஸ்டர், மத்த மூணுல ஒண்ணுல…"

"பன்னிரண்டு பேர் இருக்காங்கக்கா, மூணு மெஷினுக்கு. வக்கீலையும் சேர்த்தா பதிமூணு. நான் யாரை இறக்குவேன்?"

"நாளைக்கு?"

"நாளைக்கு வரைக்கும் நாலு தாங்குவாரா? நீங்களே சொல்லுங்க."

கதவுக்கு வெளியே பெஞ்சில் தம்பி இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. நடந்தது அத்தனையும் அவன் பார்த்துவிட்டான். அக்காவை அவன் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முன்வாசல் பக்கம் விசில் சத்தமும் ஓடி வருகிற பூட்ஸ் சத்தமும் கேட்டன.

சிஸ்டரின் முழங்கை வரை வக்கீலின் ரத்தம். தலை நிமிராமல், "அங்க ஆறு மெஷின் இருக்குக்கா," என்றாள். "மூச்சுத் திணறலோட போனா முதல்ல சேர்த்துப்பாங்க, டெஸ்ட் ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். பின்வாசல் திறந்திருக்கு. நான் எதையும் சொல்லல."

அக்கா தம்பியை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஒரு மாதமாக அவனை அந்த நோயிடமிருந்து காப்பாற்ற அவள் படாத பாடு பட்டிருந்தாள். வாசலில் சோப்பு, கதவுப் பிடிக்கு மருந்துத் தண்ணீர், காய்கறிக்கும் குளியல். கடைக்கு வந்தவர்களைப் பத்தடி தள்ளி நிறுத்தித்தான் பேசினாள். இப்போது அந்த நோய் குடியிருக்கிற கட்டடத்துக்கு அவளே அவனைச் சுமந்துகொண்டு ஓடுகிறாள். வெந்த கழுத்தில் அவன் கன்னம் உரசியது எரிந்தது.

காய்ச்சல் கட்டடத்தின் முன்னால் ஒரு பந்தல். உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிய ஒருவர் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரிந்தது. அக்கா தம்பியை மண்ணில் இறக்கி, மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"மூணு நாளா."

"இருமல்?"

"விடாம இருமறான்."

"நோய் வந்தவங்க யார் கூடவாவது பழக்கம்?"

"எதிர் வீட்டுல ரெண்டு பேருக்கு வந்திருக்கு. இவன் அங்கதான் கிடப்பான்."

எதிர் வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. பொய் அவளுக்கு அத்தனை சரளமாக வரும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் நெற்றியில் கருவியைக் காட்டினார். "சூடு இல்லையே."

"மாத்திரை போட்டிருக்கேன் சார். மூச்சைப் பாருங்க. மூச்சு வாங்குது. மூச்சு வாங்குது சார்." அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. "கிட்னிக்காரன் சார், உடனே மெஷின்ல போடணும்."

தம்பி தலையைத் தூக்கினான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், தண்ணீர் விஷயம் தவிர.

"சார்… எனக்கு… காய்ச்சல்… இல்…"

அக்கா அவன் வாயைப் பொத்தினாள். மூக்கையும் சேர்த்து, டயர் பிரிக்கிற அந்தக் கையால் இறுக்கிப் பொத்தினாள். காற்றுக்குத் தவிக்கிற உடம்பு அவள் மடியில் துள்ளியது. கண் பிதுங்கியது. கால் மண்ணை உதைத்தது. அவன் அவள் உள்ளங்கையைக் கடித்தான். அவள் விடவில்லை. கண்ணாடிக்குள் இருந்த கண் படிவத்தில் குனிந்து, சந்தேகக் கேஸ், மூச்சுத் திணறல் என்று எழுதி, கீழே கோடு போடும் வரை விடவில்லை. விட்டபோது அவன் உள்ளே இழுத்த மூச்சு ஒரு ஊளை மாதிரி இருந்தது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் எழுபத்தொன்பது என்று காட்டியது. ஸ்ட்ரெச்சர் வந்தது.

அதற்கப்புறம் போலீஸ் வந்து அடித்ததையெல்லாம் அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஐந்தாம் நாள் ஸ்டேஷனிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நோய் பரவும் என்று சிறையில் புது ஆட்களைச் சேர்க்கவில்லை, அந்த நோயால் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. வாட்ச்மேனுக்குத் தலையில் பதினொரு தையல். வக்கீலும் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கை இனி ஆகாது, கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி அக்காவைச் சும்மா விடுவதில்லை என்று இருக்கிறார். அது நியாயம்தான், அக்காவே அதை ஒப்புக்கொள்கிறாள்.

அவள் வெளியே வந்ததிலிருந்து தம்பி காய்ச்சல் கட்டடத்திலிருந்து தினமும் போன் பேசினான். போன அன்றே மெஷினில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு தரம் முடிந்து எடை ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. நீட்டிப் படுத்துத் தூங்குகிறேன் என்றான். அதைக் கேட்டு அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் சிரித்தாள். டெஸ்ட்டில் நோய் இல்லை என்று வந்தது. ஆனால் வெளியே மெஷின் காலி இல்லாததால் அவனை அங்கேயே, அந்த நோயாளிகளுக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை அவள் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான்.

"அக்கா, நீ சொன்ன பொய் பலிச்சிடுச்சு."

"என்னடா சொல்ற?"

"நிஜமாவே காய்ச்சல். நூத்திமூணு. இருமலும் ஆரம்பிச்சிருக்கு."

"மூச்சு?"

அவன் சொல்லத் தேவையில்லை, அந்தப் புஸ் புஸ் போனிலேயே அவளுக்குக் கேட்டது.

அக்கா ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். கை தானாக முறுக்கிக்கொண்டது. ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. அடிப்பதற்கு அங்கே யாரும் இல்லை.